செதில் ஒட்டின போம்

இல்லை மிஸ், அந்தக் கதிரை ஆடும், இதிலை இருங்கோ. கரன்ட் இப்ப வந்திடும். காலமை ரெயில் கோச்சியிலையே வந்தனியள்? உந்த ஒரு முறைப்பாட்டுக்காகக் கொழும்பிலை காப்புறுதி முறைப்பாடு விசாரிக்கிற கந்தோரிலையிருந்து மினக்கெட்டு ஒரு ஆளை அனுப்புவினம் எண்டு நான் நினைக்கேல்லை. ஒரு பதில் கடிதம் வரும், அதோடை சரி எண்டுதான் இருந்தனான்.

ஓம், மக்டலீன் நான்தான். காப்புறுதி ஏஜென்ட். பதினாலு வருசம். குருநகரிலை ஒவ்வொரு வீட்டுப் படலையும் எனக்குத் தெரியும். லெனாட்டுக்கு ஆயுள் காப்புறுதி போட்டதும் நான்தான். போட்டு ஒண்டரை வருசத்திலை, வலை இழுத்துக்கொண்டு நிண்டவன் வள்ளத்துக்குள்ளையே சரிஞ்சு போனான். நெஞ்சுவலி. நாப்பத்தாறு வயசு. இப்ப மனிசி செபஸ்தியம்மாவுக்குக் கொம்பனி ஒரு சதமும் குடுக்காதாம். அவருக்கு முந்தியே இருதய வருத்தம் இருந்ததாம், மறைச்சுப் போட்டாராம்.

அது எப்பிடித் தெரிய வந்தது எண்டு கேளுங்கோ. நாலு வருசத்துக்கு முந்தி லெனாட் பெரியாஸ்பத்திரியிலை மூண்டு நாள் கிடந்தவன். மீன்பிடிச் சங்கத்தாலை வேறையொரு கொம்பனியிலை ஒரு காப்புறுதி இருந்தது, வாட்டிலை கிடந்த நாளுக்கு ஏதோ சின்னக் காசு குடுப்பினம். வருத்தம் எழுதின ஆஸ்பத்திரித் துண்டைக் குடுத்து அதை எடுத்தவன். அவன் அதை அண்டைக்கே மறந்திட்டான். துண்டு அங்கையிருந்து எங்கடை கொம்பனிக்கு வந்து சேந்திட்டுது. லெனாட்டுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை, செபஸ்தியம்மாவுக்கும் சொல்லேல்லை. அதிலை என்ன எழுதியிருக்கு, ஒருக்கா பாக்கத் தாங்கோ எண்டு அவ கேட்டதுக்கு, அது உள் விசயம், காட்டேலாதாம். தன்ரை புருசன்ரை வருத்தம் அவவுக்குக் காட்டேலாத விசயம்.

எனக்கு எரிச்சல் வாறது எதிலையெண்டா, மாசாமாசம் கட்டுக்காசு வாங்கேக்கை உந்தத் துண்டை ஒருத்தரும் தேடேல்லை. ஆள் செத்தாப் பிறகுதான் தேடி எடுத்தவை. வாங்கேக்கை தெரியாதது குடுக்கேக்கை மட்டும் எப்பிடித் தெரியுது எண்டு மனேச்சர் பிரகாஸிட்டைக் கேட்டனான். அது சிஸ்டம் அக்கா எண்டார்.

சம்மதமோ? ஓம், விண்ணப்பப் போமிலை இருக்கு. கடைசிப் பக்கத்திலை, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்து. என்ரை விபரங்களை மற்றக் கொம்பனியளோடை பகிரச் சம்மதம் எண்டு ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளை ஒரு சரி அடையாளம். இல்லை மிஸ், லெனாட் போடேல்லை. நான் போட்டனான். எல்லாற்றை போமிலையும் நான்தான் போடுறனான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. இஞ்சை நடக்கிறதைத்தான் சொல்லுறன். கந்தோருக்கு வாங்கோ எண்டா ஆக்கள் வர மாட்டினம். விடிய வள்ளம் கரைக்கு வரேக்கைதான் ஆம்பிளையளைப் பிடிக்கலாம். ஒரு பக்கம் மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும். நான் ஐஸ் பெட்டி மூடியிலை போமை வைப்பன். ஈரக்கையைச் சாறத்திலை துடைச்சுப்போட்டு, எங்கை அக்கா வைக்கிறது எண்டு கேப்பினம். நான் விரலாலை காட்டுவன். வெறும் போமிலைதான் கையெழுத்து. மிச்சத்தை வீட்டை வந்து, சமைச்சு முடிச்சு, ஆறுதலா நிரப்புவன். வாசிச்சுப் பாத்தா என்னை நம்பேல்லை எண்டு நான் நினைச்சிடுவனாம், அதாலை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். நானும் வாசிச்சுக் காட்டினதில்லை.

உங்கடை பைலிலை அந்தப் போம் இருக்கெல்லோ? எடுங்கோ. ரெண்டாம் பக்கம், பின் குத்தின இடத்துக்குக் கிட்ட. தெரியுதோ? செதில். விளைமீன் செதில். இடம் எண்டதிலை கிளைக் கந்தோர் எண்டு எழுதியிருக்கிறன். கந்தோரிலை ஏது மிஸ் விளைமீன்.

நேற்றும் பிரகாஸ் போன் எடுத்தவர். வாற ஆளிட்டை, லெனாட் வருத்தத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா, உங்கடை லைசன்சுக்கு ஒண்டும் வராது எண்டார். எனக்குக் களைச்சுப் போச்சு மிஸ். கோயிலுக்குப் போனா செபஸ்தியம்மா தள்ளியிருந்து எனக்கு இடம் விடுறா. என்னோடை சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை, பிடிக்கிறா இல்லை. போன கிழமையும் ஒரு பாரைமீன் குடுத்து விட்டவ, அக்கா எனக்காக அலையிறா எண்டு. கறி வைச்சனான், சாப்பிடேலாமப் போச்சு.

லெனாட் சொன்னவன் மிஸ். அந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு சொன்னவன். அக்கா, நெஞ்சு குத்தி மூண்டு நாள் வாட்டிலை கிடந்தனான், அதையும் எழுதுங்கோ எண்டு. எழுதினா மெடிக்கல் கேப்பினம், இழுபடும். மாதம் முடிய ரெண்டு நாள்தான் கிடந்தது, மாதக் கணக்குக்கு எனக்கு ஒரு போம் குறைஞ்சது. உது வாய்வடா, போ எண்டு சொல்லிப்போட்டு, வருத்தம் இருக்கோ எண்ட இடத்திலை இல்லை எண்டு எழுதினனான். என்ரை கையாலைதான்.

ஏஜென்டுக்குச் சொன்னது கொம்பனிக்குச் சொன்ன மாதிரித்தான் எண்டு பயிற்சியிலை எங்களுக்குப் படிப்பிச்சவை. இப்பவும் அப்பிடித்தானே? அப்ப அவன் மறைக்கேல்லை எண்டுதானே வரும்? காணும். எனக்கு அது போதும்.

ஓம், லைசன்ஸ் போகும். தெரியும். எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன். இந்த முறை வாசிச்சுப்போட்டு வைக்கிறன்.

நில்லுங்கோ, பைலை மூட முந்தி இன்னொண்டு. உந்த முறைப்பாட்டுக் கடிதத்தையும் போமையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ஒரே எழுத்துத்தானே? செபஸ்தியம்மாவுக்கு உவ்வளவு எழுத வராது. போம் நிரப்பின ஏஜென்டை விசாரிக்கவும் எண்டு கடைசியிலை கிடக்கிற வரியும் நான் எழுதினதுதான். அவ கையெழுத்து மட்டும்தான் வைச்சவ. ஆரிலை முறைப்பாடு, என்ன எழுதியிருக்கு, ஒண்டும் கேக்கேல்லை. எங்கை அக்கா வைக்கிறது எண்டு மட்டும்தான் கேட்டவ.