தேவிப்ரியாவின் கைராசி

சாமையை முளைகட்ட ஈரத்துணியும் கொஞ்சம் பொறுமையும் போதும், தம்பி. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கிற்று.

முளைக்கிற தானியத்துக்குள் ஆர்.என்.ஏ.வை வெட்டிப்போடும் நொதி ஒன்று இருக்கிறது. சாமையில் அது எப்படிப்பட்டது, எந்தச் சூட்டில் வேலை செய்கிறது என்று கண்டறிவதுதான் என் ஆய்வகத்தில் தேவிப்ரியாவின் ஆராய்ச்சி. ஒரு குழாயில் ஆர்.என்.ஏ.வோடு நொதியைச் சேர்ப்பாள். இன்னொன்றில் சேர்க்கமாட்டாள். சேர்க்காதது சிதையாமல் இருந்தால்தான் மற்றதில் நடந்ததை நம்பலாம். நம் வியர்வையிலும் அதே வேலை செய்கிற நொதி உண்டு, கையுறை அதற்காகத்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்டவர் அப்பா ஆதிமூலம். ஒரு பை மல்லாட்டைக் கடலையை என் மேசைமேல் வைத்து, "இனிமே நீங்கதான் மேடம் அவளுக்கு அம்மா," என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். வேங்கிக்காலில் என் வீட்டு மாடியிலேயே தங்கவைத்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சேர்ந்தே மலையைச் சுற்றினோம்.

பிறகு ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளைக் கூப்பிட்டது. இந்தச் சோதனையின் முடிவு வந்ததும் கிளம்பிவிடுவாள். முன்பு என்னிடம் ஆராய்ச்சி செய்த எழிலும் சினேகாவும் அப்படித்தான் போனார்கள். கொஞ்ச நாள் போன் வரும். அப்புறம் கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாழ்த்து.

நெற்றி வியர்வையை விரலால் துடைத்து, நொதி சேர்க்காத குழாயின் மூடிக்குள் லேசாகத் தொட்டேன். அவ்வளவுதான். அடுத்தடுத்த சோதனைகளிலும் தொட்டேன். ஆய்வக உதவியாளன் விமல்ராஜ் பார்த்ததாக உங்களிடம் சொன்னது பொய்யில்லை.

கையுறை போட்டும் எல்லாம் சிதைந்துபோவதில் அவள் குழம்பினாள். விமல்ராஜே அப்போது, "இவள டீ போட வுட்டுடாதீங்க மேடம், பால் திரிஞ்சுடும்," என்று கிண்டலடித்தான். சிரித்தோம். அவளும்தான். மாலையில் அவள் தலையை வருடி, சிலருக்குக் கைராசி அப்படி, மனசை விட்டுவிடாதே என்றேன். அதன்பின் மலை சுற்றும்போது தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோயிலில் விபூதிக்குக் கை நீட்டக் கூசினாள்.

கண்ணாடிக் குடுவைகளில் ஒட்டிய நொதி போக, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்போம். ஒருநாள் அதைக் கலக்கியபடி கேட்டாள்:

"கையில இருக்கறதும் இதுல போயிடுமா மேடம்?"

"போயிடும்மா," என்றேன்.

பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தேன். காஸ்டிக் எடுத்தவுடன் சுடாது, சோப்புபோல வழுவழுக்கும். அவள் கையுறையைக் கழற்றுவது கேட்டது. தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை, தம்பி. அலறல் வந்த பிறகுதான் எழுந்தேன்.

விரல்கள் ஒட்டிப்போயின. ஜெர்மனிக்காரர்கள் வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள். பெற்றவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஆதிமூலம் என் காலைத் தொட்டார்.

சீக்கிரம் எழுதி முடியுங்கள். அவளுக்குப் பசிக்கிற நேரம். நான்தான் பிசைந்து ஊட்ட வேண்டும். வேறு யார் கையையும் அவள் நம்புவதில்லை.