கிணற்று மேட்டு விளக்கு

காபி வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். காபி குடித்தால் எனக்குக் கை லேசாக நடுங்கும். அதை விட்டே பல வருஷம் ஆகிறது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தை அமாவாசையன்று சாயங்காலம் என் கிணற்று மேட்டுத் தெருவிளக்கு எரிந்ததா, இல்லையா. எரிந்தது என்று வயர்மேன் மண்ணாங்கட்டி சொல்கிறார். ஒரே இருட்டாக இருந்தது, விடிகாலையில் வந்து சரிபண்ணிவிட்டுப் பொய் சொல்கிறார் என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். விளக்குக்கு அடுத்த வீடு என்னுடையது, அதனால் கூப்பிட்டீர்கள். பதில் சின்னதுதான். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும். உட்கார்ந்தே சொல்கிறேன். இப்போதெல்லாம் நின்றால் களைத்துப் போகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சவுரிராயன். உங்கள் ஸ்டேஷனுக்கும் நான்தான் படம் எடுத்துக் கொடுக்கிறேன். இருபது வருஷமாக முகங்களையே பார்க்கிறேன் ஐயா. கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட், சாவு. உட்காருகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டச் சொல்வார்கள். நான் காட்டுவேன். சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூடும்போது இனி ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம் என்று இருக்கும்.

அந்த நேரத்தில்தான் தொலைநோக்கி கைக்கு வந்தது. கோட்டக்குப்பம் யூசுப் அலி துபாயிலிருந்து மகனுக்காக வாங்கி வந்தது. மூன்று அங்குல லென்ஸ் வைத்த ஜப்பான் குழாய். பையன் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டான். "நீங்களே எடுத்துக்கினு போங்க சார், வூட்ல எடத்த அடைச்சிக்கினு கெடக்குது" என்றார் யூசுப்.

அதன் பின்முனையில் கேமராவை மாட்டலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. வானத்தில் நெபுலா என்று சொல்வார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளி விடுகிற புகை. கண்ணால் பார்த்தால் எச்சில் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். ஆனால் கேமராவைத் திறந்து முக்கால் மணி நேரம் வைத்திருந்தால் ஃபிலிமில் அது சிறகு விரித்து நிற்கும். அந்த முக்கால் மணி நேரமும் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே குழாயையும் நகர்த்த வேண்டும். பக்கத்தில் கட்டிய இன்னொரு சின்னக் குழாயில் கண்ணை வைத்து, குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலகக் குழாயை நகர்த்துகிற திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தால் போச்சு. நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நீண்டுவிடும்.

வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டேன். கேட்டுக்கு வைக்கிற இரும்புச் சக்கரத்தில் கூரை நகரும். மாடித் தரை காலடிக்கு அதிரும் என்பதால் தரையிலிருந்தே ஒரு செங்கல் தூண் எழுப்பி, மாடியை ஓட்டை போட்டு மேலே கொண்டுவந்தேன். செங்கல் வீட்டில் இருந்தது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவதற்காக இறக்கியது. சுவரை அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் மனைவி அம்சா அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை.

போன வருஷம் வால்நட்சத்திரம் வந்தபோது ஊரே என் மாடிப் படியில் வரிசை கட்டி நின்றது. பாஞ்சாலியை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். துரைக்கண்ணுவின் பெண்டாட்டி. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் வேலை. குழாயில் பார்த்துவிட்டு, "இன்னா சார், பஞ்சு ஒட்டிக்கினு இருக்காப்புல இருக்குது, இதுக்கா இத்தினி பேஜாரு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறங்கிப் போகும்போது அவள் என் கிணற்றைக் காட்டிக் கேட்டாள். "வேலைய வுட்டு இருட்டுல வர்றோம். வழி ஓரமாவே கெணறு வாயத் தொறந்துக்கினு கெடக்குது. ஒரு சொவரு வையுங்க சார்." வைக்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, கிணற்று மேட்டில் ஒரு கம்பம் நட வைத்து, டியூப்லைட் போட வைத்துவிட்டாள். அது நியாயமான விளக்கு. இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் அதன் வெளிச்சம் நேராக என் கொட்டகைக்குள் விழுந்தது. எடுத்த படமெல்லாம் சாம்பல் பூத்துப் போயிற்று. அமாவாசையை ஒட்டி மட்டும் அணைத்து வைக்க முடியுமா என்று பாஞ்சாலியையே கேட்டேன். அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

"நீங்க நச்சத்தரம் பாக்கறதுக்கு நாங்க குழில வுழுவணுமா சார்?" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஒரு தகரத்தை வளைத்து விளக்குக்கு மறைப்புக் கட்டிப் பார்த்தேன். காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம்தான் கம்பத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீஸ் கட்டையைப் பிடுங்கினால் விளக்கு அணைந்துவிடும். படம் முடிந்ததும் மறுபடி செருகிவிடலாம். மழை விட்டதிலிருந்து வானம் தெளிந்த நாட்களில் இப்படித்தான் செய்துவந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்கு அடிக்கடி அணைகிறது என்று மண்ணாங்கட்டியைத் திட்டினார்கள். அவர் வந்து பார்ப்பார், எரிந்துகொண்டிருக்கும், தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

தை அமாவாசைக்கு ஊரில் பாதிப் பேர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். துரைக்கண்ணுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மில்லில் லீவு கொடுக்காததால் பாஞ்சாலி போகவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. மார்கழி முழுக்க மேகம். அன்றைக்குத்தான் வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. பொழுது சாய்ந்ததும் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். ஓரியன் என்கிற வேட்டைக்காரன் கூட்டம் கிழக்கே நன்றாக ஏறியிருந்தது. வேட்டைக்காரன் இடுப்புக் கத்தி என்று சொல்கிற இடத்தில்தான் அந்தப் பெரிய நெபுலா இருக்கிறது. ஷட்டரைத் திறந்து கண்ணை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தென்னை மட்டை விழுந்தாலும் அப்படித்தான் கேட்கும்.

பிறகு ஒரு குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலுக்குத் திசை தெரியாது, நீங்களே கேட்டிருப்பீர்கள். ரோட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

"ஸ்டுடியோ சார்... நாந்தான் பாஞ்சாலி... கெணத்துல வுழுந்துட்டேன்... பைப்பப் புடிச்சிக்கினு தொங்கறேன்... ஒரு கயிறு போடுங்க சார்..."

வார்த்தை மாறாமல் சொல்கிறேன். இதற்கு அப்புறம் ரோடு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஆனால் அவள் குரல் தெம்பாகத்தான் இருந்தது. இரும்புப் பைப், என் மோட்டார் பைப்தான், உறுதியானது. இன்னும் பாதி நேரம்தான் பாக்கி. எழுந்தால் அதுவரை எடுத்தது அத்தனையும் வீண். அடுத்த அமாவாசைக்கு மேகம் வரலாம். இதை முடித்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தேன். நினைத்தபடியே திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கழித்து அவள், "வெளக்கையாச்சும் போடுங்க சார்" என்றாள்.

அதாவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளா, அந்த இருட்டில்தான் புரிந்ததா, தெரியவில்லை. அவள் வெளியே வந்து சொல்லிவிடுவாள் என்பதற்காக நான் உட்கார்ந்திருக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதற்காக இல்லை.

படம் முடிந்தது. லென்ஸை மூடி, கூரையை இழுத்துவிட்டு இறங்கினேன். பீஸ் கட்டையைச் செருகினேன், விளக்கு எரிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. உள்ளே போய்க் காலையில் செய்த கேப்பைக் களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த துரைக்கண்ணுதான் பார்த்துக் கத்தினார். நீங்கள் வந்தீர்கள், படம் எடுக்க என்னைக் கூப்பிட்டீர்கள். கேமராவில் அதே ரோல்தான் இருந்தது. இன்னும் பாக்கி இருக்கிறதே என்று அதிலேயே எடுத்தேன். ஒன்றாகத்தான் கழுவினேன். முதலில் நெபுலா, அதற்கு அடுத்து பாஞ்சாலி. அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் துரு ஏறியிருந்தது. "இது என்னய்யா?" என்று என்னைக் கேட்டீர்கள். "பைப் துரு ஐயா" என்றேன். அதையும் கிட்டத்தில் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

நெபுலா படம் மிக நன்றாக வந்திருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசி குத்தினாற்போல ஒரே புள்ளி, எங்கேயும் இழுப்பு இல்லை. அந்த நேரம் முழுக்க என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதைப் பெரிது பண்ணி ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன். நீங்களே நின்று பார்த்துவிட்டு, "அழகா இருக்குதய்யா, ஏதாவது பூவா?" என்று கேட்டீர்கள்.

காரியத்துக்கு முன்னால் துரைக்கண்ணு ஸ்டுடியோவுக்கு வந்தார். பாஞ்சாலிக்கு வேறு போட்டோ கிடையாது.

"நீங்க அன்னிக்கி எடுத்ததுதான் சார் இருக்குது. அதுலயே கண்ணத் தொறந்தாப்புல பண்ணிக் குடுத்துடுங்க. புள்ள பாக்கணும்" என்றார்.

அது எங்கள் தொழிலில் சாதாரண வேலை. மூடிய இமைக்கு மேல் சின்ன பிரஷ்ஷால் விழி எழுதி, கருமணியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் உயிர் வந்துவிடும். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். பாஞ்சாலிக்கு எழுத முடியவில்லை. ஒரு கண் மேலே பார்க்கிறது, இன்னொன்று நேரே பார்க்கிறது. அழித்து அழித்து எழுதினேன், பேப்பரே தேய்ந்துவிட்டது. காரியம் முடிந்து ஆறு மாசம் ஆகிறது. துரைக்கண்ணு வாரா வாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "அவசரம் இல்ல சார், நல்லா வரட்டும்" என்பார். கோபப்பட்டுக் கத்தினால்கூடப் பரவாயில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கை நடுங்குகிறது ஐயா. காபி குடிப்பதே இல்லை, இருந்தும் நடுங்குகிறது. இனி என்னால் ஒரு படமும் எடுக்க முடியாது. அதனால்தான் நீங்கள் கேட்டதும் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மண்ணாங்கட்டி மேல் தப்பில்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கியது நான். பாஞ்சாலி கூப்பிட்டது எனக்குக் கேட்டது, யார் என்று தெரிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கல்மனசுக்காரன் இல்லை. கூப்பிடுவதை அவளாகத்தான் நிறுத்தினாள். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் இறங்கிப் போயிருப்பேன்.