முச்சந்தியில் திரும்பிய வண்டி

நடுச்சாமம் தாண்டிய நேரம். ராசிபுரத்துக்குத் தெற்கே, எங்கள் இடுகாட்டிலிருந்து ஊருக்கு வரும் வண்டித்தடம். இரண்டு பக்கமும் சோளக்காடு… ஒரு விளக்கு இல்லை. ஒரே ஒரு மாட்டுவண்டி. ஓட்டியவன் வெள்ளியங்கிரி, என் சிநேகிதி உண்ணாமலையின் தம்பி. வண்டி நிறைய இடுகாட்டுக் கற்கள்.

அது முப்பத்திரண்டாம் வருஷம். புது ரோட்டுப் பாலத்துக்குக் கல் வேண்டுமென்று காண்ட்ராக்டர் சின்னண்ணன் எங்கள் இடுகாட்டில் கைவைத்தார். பாட்டன் காலத்து நடுகல்லையும் விடவில்லை. காலராவில் போன என் மகள் வசந்தாமணியின் தலைமாட்டுக் கல்லும் அதில் ஒன்று. பெண்கள் போய் மறித்தோம். அவர் சிரித்தார்.

"செத்தவங்களே வந்து கேக்கட்டும் ஆத்தா. திருப்பிக் குடுத்தர்றேன்."

"வழி தெரியாமத்தான் சாமி வராம இருக்கறாங்க" என்றாள் உண்ணாமலை.

பகலில் நாங்கள் விடாததால் இரவில் ஏற்றினார்கள். வெள்ளியங்கிரிக்கு வயிற்றுப்பாடு, போனான்.

பாதி வழியில் ஒரு முச்சந்தி. இடுகாட்டுக்குப் போகும்போது பாடையை அங்கே இறக்கி, ஒரு சுற்றுத் திருப்பித் தூக்குவது எங்கள் வழக்கம். செத்தவருக்கு வீட்டு வழி மறக்கட்டும் என்றுதான். அந்த இடத்தில் மாடுகள் நின்றுவிட்டன. அடித்தும் நகரவில்லை. அவன் யோசிக்காமல் இறங்கி, வண்டியை எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பினான். மாடுகள் கிளம்பின.

அப்புறம்… வண்டி கனத்தது. ஆள் ஏறினால் அச்சு முனகுமே, அப்படி. மறுபடி… மறுபடி. மஞ்சளும் ஈரமண்ணும் கலந்த வாசனை. பின்னால் சின்னதாக ஒரு தண்டைச் சத்தம். சல்… கொஞ்சம் பொறுத்து… சல்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்தபோது, வண்டி போய் நின்ற சின்னண்ணன் வீட்டு வாசலெல்லாம் சேற்றுப் பாதங்கள். எல்லாம் உள்ளே போனவை. அன்றைக்கே கற்களைத் தன் கையால் திரும்ப நட்டார். எது யாருடைய கல் என்று எங்களிடம் கேட்கவேயில்லை. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

வெள்ளியங்கிரியிடம் ஒன்றுதான் கேட்டேன். "ரெண்டு காலுலயும் சத்தங் கேட்டுச்சா?"

"இல்லீங்க அக்கா. ஒத்தைக் காலுல மட்டுந்தானுங்க."

ஒற்றைத் தண்டையோடுதான் வசந்தாமணியைப் புதைத்தேன். நோயில் கழன்று விழுந்த மற்றது என் பெட்டியில் இருந்தது. அன்றிரவு அதை வாசற்படியில் வைத்தேன். கதவைத் தாழிடவில்லை. காலையில் தண்டை இல்லை.

இப்போது வேறொரு காண்ட்ராக்டர் இடுகாட்டை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். வரட்டும். இந்தமுறை மறிக்கப் போவதில்லை. முச்சந்தியில் வண்டியை ஒரு சுற்றுத் திருப்பிவிடு என்று வெள்ளியங்கிரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி இரண்டு காலிலும் ஒலிக்கும்.