ராசா நங்கூரம்

இக்கதையை ஏழுபாய்த்துறைத் தோணிக்காரர் சேகுனா லெப்பையிடம் 1978இல், வாடைக்காற்று தொடங்கிய வாரத்தில் கேட்டேன். அவர் சொன்ன வரிசையை மாற்றாமல் தருகிறேன்.

கடற்கரை ஊர்களெல்லாம் யாரோ ஒரு ராசாவுக்குக் கும்பிடு போட்ட காலமாம். ஏழுபாய்த்துறையில் மட்டும் ராசா கிடையாதாம். ஏழு கப்பல்காரர்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து சொல்வதே சட்டமாம். அதில் முதல் சட்டம் இது: எவன் தன்னை ராசா என்கிறானோ, அவன் கால் இந்தக் கரையில் படக்கூடாது.

குடிதண்ணீர் மேட்டுநாட்டு ராசாவின் மதகு வழியாகத்தான் வருமாம். ஒரு கோடையில் அவன் மதகை அடைத்துவிட்டானாம். பிள்ளைகளின் உதடு வெடித்ததாம். பல துறை கண்ட கப்பல்தலைவன் நெய்னா நகுதாவை ஏழு பேரும் தூது அனுப்பினார்களாம். ஆளுக்கொரு முடிச்சுப் போட்ட கயிறுதான் துறையின் முத்திரை. அதை வாங்கிக்கொண்டு, மனைவியின் அண்ணன் பீர்க்கண்ணுவோடு நகுதா மேட்டுநாட்டு ராசாவின் சபைக்குப் போனானாம்.

"உங்க ராசா எங்கேடா?"

"ராசா இல்லீங்க. ஏழு பேரு."

"ஏழு பேரும் ஏழு பக்கம் இழுப்பீங்க. ராசாகிட்டதான் ராசா பேசுவான். போ!"

நகுதா வெளியே வந்தானாம். உள்ளே போனானாம். மறுபடியும் விரட்டப்பட்டு வெளியே வந்தானாம். பீர்க்கண்ணு அவன் தோளைத் தொட்டானாம்.

"திரும்பிருவோமா மச்சான்?"

"வெறுங்கையோடயா? உன் தங்கச்சி மடியில பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கான்."

பீர்க்கண்ணுவோடு மறுபடியும் உள்ளே போனவன் முடிச்சுக் கயிற்றைத் தலையில் சுற்றிக்கொண்டானாம்.

"நான்தான் ராசா."

"கயித்துலயாடா கிரீடம்?"

"தங்கம்னா கடல் காத்துக்குப் பறந்துரும். இது கட்டினா நிக்கும்."

சபை சிரித்ததாம், ராசாவும் சிரித்தானாம். மதகைத் திறக்கச் சொல்லி, இனி அடைப்பதில்லை என்று வாளைத் தொட்டுச் சொன்னானாம்.

திரும்பும் வழியில் தண்ணீர் தோணிக்கு முன்னால் ஓடியதாம்.

"காத்துச் சத்தத்துல நீ ராசான்னு சொன்னது என் காதுல விழல மச்சான்."

"சபைக்குள்ள ஏதுடா காத்து?"

துறை தெரிந்ததும் நகுதா கரையேறவில்லை. எட்டவே நங்கூரம் போட்டானாம். ஏழு பேரில் மூத்தவர் அவனுடைய சொந்த அண்ணன்; காக்கா என்றுதான் கூப்பிடுவானாம்.

"தம்பி, வாடா! தண்ணி வந்துருச்சு!"

"காக்கா, நான் ராசான்னு சொல்லிட்டேன்."

குடம் சுமந்த பெண்கள் அப்படியே நின்றார்களாம்.

"வாய் தவறிச் சொன்னேன்னு சொல்லுடா!"

"தவறல காக்கா. நம்ம முடிச்சைத் தலையில கட்டிக்கிட்டுச் சொன்னேன்."

அண்ணன் மற்ற ஆறு பேரையும் பார்த்தாராம். ஆறு பேரும் தலையை அசைத்து மறுத்தார்களாம். அவரே ஒரு குடம் தண்ணீரைத் தோணியில் ஏற்றித் துடுப்புப் போட்டுப் போனாராம்.

"குடிச்சிட்டுப் போ."

நகுதா பாதி குடித்துவிட்டுக் குடத்தை நீட்டினானாம். "பிள்ளைக்குக் குடுங்க காக்கா."

"ராசா வச்ச மிச்சத்தை நம்ம கரைக்கு எப்படிடா கொண்டுபோவேன்?"

சொன்னவர் மிச்சத்தைக் கடலில் ஊற்றினாராம். நகுதா தெற்கே பாய் விரித்தானாம்.

அந்த இடம்தான் ராசா நங்கூரம். இன்றும் கரை திரும்பும் தோணிகள் பானையில் மிஞ்சிய குடிதண்ணீரை அங்கே ஊற்றிய பிறகே கரை தொடுகின்றன.

பிற வடிவங்கள்: வடக்குத்தெரு ஆண்கள், நகுதா ஏழு முடிச்சையும் அவிழ்த்துக் கயிற்றைக் கடலில் எறிந்துவிட்டு நீந்திக் கரையேறினான் என்பர். உப்பளத்துப் பெண்களோ, அண்ணன் தனியாகப் போகவில்லை, குடத்தோடு நகுதாவின் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் சென்றார் என்பர். நான் கேட்ட எந்த வடிவிலும் அந்த மிச்சத் தண்ணீர் கரைக்குத் திரும்பவில்லை.