தாகத்தையும் நோயென்று சொன்ன செவிலியருக்கு

காய்ச்சல் கண்ட நெற்றிகளைப் புறங்கையால் தொட்டே சூடு சொன்னவரே! கணக்குத் தேர்வு நாளில் மட்டும் கிளம்பும் வயிற்றுவலியைக் கண்ணைப் பார்த்தே கண்டுகொண்டு, ஒரு குவளை வெந்நீர் கொடுத்து வகுப்புக்கே திருப்பி அனுப்பியவரே! பேன் முதல் பேதி வரை எதற்கும் முகம் சுளிக்காதவரே! மாணவரும் பெற்றோரும் தலைமையாசிரியரும் ஒருசேர ‘சிஸ்டர்’ என்றழைத்த எங்கள் நடுநிலைப் பள்ளியின் செவிலியரே! பணி நிறைவு காணும் உங்களுக்கு, உடன் உழைத்தோர் அனைவரின் வணக்கம்.

இந்த மடலை எழுதத் தொடங்கியபோது, விழா நாளில் நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்றார் தலைமையாசிரியர். அது உங்கள் காதுக்கு எட்டியது. ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றீர்கள்.

“என்னைப் பத்தி எழுதுறதா இருந்தா அந்தப் பையனையும் எழுதுங்க. அவனை விட்டுட்டு எழுதினீங்கன்னா, கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுத்தாலும் என் வீட்டுச் சுவத்துல மாட்ட மாட்டேன்.”

ஆகவே அவனையும் எழுதுகிறோம்.

அவனைத் ‘தவளை’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். உயரம் தாண்டுவதில் எட்டாம் வகுப்பிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. அப்பா மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருக்கும் லாரி ஓட்டுநர். அம்மா சலவை நிலையத்தில் நின்றபடியே துணிகளுக்கு இஸ்திரி போடுபவர். அவனுக்கு ஒரு தங்கை. இரண்டு வகுப்பு இளையவள்.

அவன் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டுக் கோடையில் தவளைக்குத் தாகம் எடுத்தது. குழாயடியே கதியென்று கிடந்தான். தவளை தண்ணீரை விட்டு வருமா என்று வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். பாடத்தின் நடுவே அடிக்கடி வெளியே போனான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழிந்தது. வளர்கிற பிள்ளை, விளையாடுகிற பிள்ளை, வெயில் வேறு கொளுத்துகிறது என்று அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை வாந்தியோடும் வயிற்றுவலியோடும் அவன் நோயறைக்கு வந்தான். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கியது. சர்க்கரை பார்க்கும் கருவி அன்று நம் நோயறையில் இல்லை. ஆனாலும் உங்கள் மனதில் ஐயம் விழுந்துவிட்டது. சலவை நிலையத்திற்குப் போன் போட்டு அம்மாவை வரவழைத்தீர்கள். வந்தவர் முகம் வெளிறிப்போயிருந்ததைப் பார்த்து, உங்களுக்கே உரிய மென்மையோடு சொன்னீர்கள்:

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கே டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.”

அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்த முதல் வாக்கியம்தான். வீட்டுக்கு அழைத்துப் போனார். பிள்ளை சோர்ந்து கிடக்கிறானே என்று சர்க்கரை தாராளமாய்ப் போட்டுப் பழச்சாறு பிழிந்து கொடுத்தார். அவன் ஆவலோடு குடித்தான், இன்னும் கேட்டான், இன்னும் கொடுத்தார். பிறகு அசந்து தூங்கினான். தூக்கம் நல்லது, காலையில் டாக்டரிடம் போகலாம் என்று போர்த்திவிட்டார். காலையில் எழுப்பினார். அவன் எழவில்லை. மருத்துவமனையில் இரண்டு நாள் போராடிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை நோய் வரும் என்பதையே அந்த வீடு அங்கேதான் முதன்முதலாய்க் கேட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்கள். துணைக்கு வந்த உடற்கல்வி ஆசிரியர் வாசலோடு நின்றுவிட்டார். நீங்கள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள். அந்தத் தாய் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் குடுத்த ஜூஸுதான் அவனைக் கொன்னுச்சா, சிஸ்டர்?”

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அங்கே இருந்த யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“கொன்னது நோய்தாம்மா. ஜூஸ் அதை இன்னும் மோசமாக்கியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான், உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லல.”

அவர் உங்களை வெளியே போகச் சொன்னார். போனீர்கள்.

அன்றோடு ‘பயப்பட ஒண்ணுமில்ல’ என்ற சொல் உங்கள் வாயில் வருவது நின்றது. ஆண்டின் முதல் வாரத்திலேயே ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக் குடும்பங்களை அழைத்துக் கூட்டம் போடத் தொடங்கினீர்கள். தாகம் அடங்காவிட்டால், எடை இறங்கினால், படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்ட பிள்ளை திரும்பவும் நனைத்தால், அன்றைக்கே ரத்தம் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளினால் பிள்ளை செத்துப்போகலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் சாவைப் பற்றிப் பேசுகிறார் என்று தலைமையாசிரியரிடம் புகார் போனது. ‘கருநாக்கு சிஸ்டர்’ என்று பெயரும் வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களைவிடக் காலி நாற்காலிகளே அதிகம். அந்த நாற்காலிகளுக்கும் சேர்த்தே பேசினீர்கள். சர்க்கரை பார்க்கும் கருவியை நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு வாங்கினீர்கள்.

இரண்டு ஆண்டு கழிந்தது. தவளையின் தங்கை எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒரு வாரமாக அவளைக் காணோம். சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார் அம்மா. கூட உட்காரும் பெண்ணோ உங்களிடம் வேறு கதை சொன்னாள்: அவள் எந்நேரமும் தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் இருந்தாள் என்று. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள்.

கதவு முழுதாய்த் திறக்கவில்லை. “அவளுக்கு ஒண்ணுமில்ல. போயிடுங்க சிஸ்டர்” என்றார் அம்மா.

“ஒரே ஒரு சொட்டு ரத்தம்மா. பார்த்துட்டுப் போயிடுறேன்.”

“பார்த்து என்ன சொல்லப் போறீங்க? இவளுக்கும் அதேதான்னு சொல்லுவீங்க. இவ பொழைச்சுட்டா, அவனும் பொழைச்சிருப்பான்னு ஆயிடும்ல? அப்புறம் நான் எப்படி உயிரோட இருக்கிறது?”

ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க அஞ்சிய காரணம் அதுவாக இருந்தது.

“ஆமாம்மா, அவனும் பொழைச்சிருப்பான்” என்றீர்கள். “அந்தப் பாரத்துல பாதி என்னோடது. அதை ரெண்டு பேரும் அப்புறம் சுமக்கலாம். இப்ப கதவைத் திறங்க.”

திறந்தார். உள்ளே பெண் சுவரைப் பார்த்துப் படுத்து, ஆழ ஆழ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தீர்கள். கருவியால் எண்ணே காட்ட முடியவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. கிடைத்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினீர்கள். வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, தூங்கவிடாமல் வைத்திருந்தீர்கள்.

அவள் பிழைத்தாள். இன்று படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்றாடம் இன்சுலின் ஊசி. அன்றாடம் விரல் நுனியில் குத்து. அண்ணனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. சில கேள்விகளுக்கு எங்களிடம் துணிவில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு, அழைக்காமலே அந்த அம்மா வந்தார். நீங்கள் பேசி முடிக்கும்முன் எழுந்து, தானும் பேச வேண்டும் என்றார். “உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேதனை?” என்று தடுத்தீர்கள்.

“நீங்க சொன்னா மருந்து மாதிரி இருக்கு சிஸ்டர், எல்லாரும் துப்பிடுறாங்க. நான் சொல்றேன்.”

பழச்சாற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் குரல் உடைந்தபோது நீங்கள் அருகில் போய் நின்றீர்கள். அதற்கப்புறம் ஆண்டுதோறும் அவர் சொன்னார். ஆண்டுதோறும் நீங்கள் நின்றீர்கள். நாற்காலிகள் நிரம்பின. அப்படியும் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள் என்று எழுதினால் அந்த வரியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

அருமைச் செவிலியரே! அயராது உழைத்தவரே! அன்பின் பெயரால் உண்மையை மறைக்க மறுத்தவரே! உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. எப்போது போடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நோயறைச் சாவி தற்போதைக்கு அலுவலக ஆணியில் தொங்கும்.

சென்ற வாரம் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். நீங்கள் ஊசி போடும் பணியில் இருந்ததால் ஆசிரியர் அறையில் எங்களோடு உட்கார்ந்தார். “சிஸ்டர் போனாலும் நான் வந்து பேசுவேன். பேசிப் பழகிடுச்சு. ஆனா நடுவுல அழுதுடுவேன். அப்பப் பக்கத்துல நிக்க யாராவது இருப்பீங்களா?” என்று கேட்டார்.

நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை இங்கே எழுதுகிறோம்.

நீங்கள் உடல்நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் நெடுநாள் வாழ வேண்டும். இரவுகளில் நன்றாகத் தூங்க வேண்டும். அந்தப் பாரத்தில் உங்கள் பாதியை இனி எங்களிடமும் கொஞ்சம் கொடுங்கள்.

என்றும் உங்கள்,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும் துப்புரவுப் பணியாளர்களும்