தோளில் வைக்கிற கை

ஜோதிமணி: ஆடாம நில்லு ரீனா. ஸ்டூலும் ஆடுது, நீயும் ஆடுற... ஊசி கணுக்கால்ல ஏறிரும்.

ரீனா: குளிருது அத்தை. மேகம் வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. வெரசா தைங்க.

ஜோதிமணி: கவுனு ஓரத்த மடிச்சுத் தைக்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை ஆயர் முன்னாடி தடுக்கி விழுந்தா உறுதிபூசுதல் இல்ல, மாவுக்கட்டுதான். ம்... ஒப்பி. தூய ஆவியோட கொடை ஏழு.

ரீனா: ஞானம், மெய்யுணர்வு, அறிவுரைத் திறன்... அப்புறம்... அச்சம்?

ஜோதிமணி: அது கடைசி. நாலாவது துணிவு. எப்பப் பாத்தாலும் அங்கதான் சறுக்குற.

ரீனா: ஆயர் கன்னத்துல அறைவாராமே?

ஜோதிமணி: அது அந்தக் காலம். சும்மா தட்டுவாங்க, வலிக்காது.

ரீனா: வலிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜோதிமணி: ...சொல்லக் கேள்விதான். திரும்பு.

ரீனா: எனக்குப் பின்னாடி ஞானத்தாயா நிக்கப்போறது யாருன்னு நாளைக்குள்ள சொல்லணுமாம்.

ஜோதிமணி: உங்க மறைக்கல்வி டீச்சரக் கேளு.

ரீனா: அவங்க ஏற்கெனவே வேற ஒரு ஆளுக்கு நிக்கிறாங்க.

ஜோதிமணி: அப்ப உங்கப்பன்?

ரீனா: பெத்தவங்க நிக்கக் கூடாது. நீங்கதான் அத்தை.

ஜோதிமணி: எனக்கு அன்னைக்குப் பெருமாள்மலையில பட்டர்புரூட் தரம்பிரிக்கிற சோலி கெடக்கு.

ரீனா: ஞாயித்துக்கிழமையா?

ஜோதிமணி: முட்டி வேற வலிக்குது...

ரீனா: நாலு மாசமா எங்க வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்தீங்களே, அப்ப வலிக்கலயா?

ஜோதிமணி: உன்னக் கூட்டிட்டு வரத்தான உக்காந்தேன்!

ரீனா: கூட்டிட்டு வர வந்தவங்க எதுக்கு நோட்டு போட்டு எழுதுனீங்க?

ஜோதிமணி: யாருடி என் பையக் கிண்டுனது? அதிருக்கட்டும்... பெட்டிக்குள்ள கெடந்த என் வெள்ளைச் சேலைய யாரு கொடியில போட்டது?

ரீனா: பூச்சி அரிச்சிருமேன்னு... பேச்ச மாத்தாதீங்க. ஆயர் தைலம் பூசுறப்ப என் தோள்ல உங்க கைதான் இருக்கணும். வேற கை வேண்டாம்.

ஜோதிமணி: என் கை அதுக்கு ஆகாது கண்ணு.

ரீனா: ஏன்?

ஜோதிமணி: நிக்கிறவங்க உறுதிபூசுதல் வாங்கியிருக்கணும்ல... நான் வாங்கல.

ரீனா: எதனால அத்தை?

ஜோதிமணி: சிலோன்ல, தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. உங்கப்பன் கைக்குழந்தை. ஆயர் வரப்போறாருன்னு அம்மா வெள்ளைக் கவுன் தச்சு வச்சிருந்தா. அந்த ஞாயித்துக்கு முந்தின புதன்கிழமையே இந்தியாவுக்குக் கப்பல்னு சொல்லிட்டாங்க. அந்தக் கவுனோடதான் கப்பல் ஏறுனேன்.

ரீனா: இங்க வந்து வாங்கியிருக்கலாம்ல?

ஜோதிமணி: வந்த எடத்துல வயித்துப்பாடு. பத்தொம்பது வயசுல, அப்ப இருந்த பங்குச் சாமியார் கேட்டாரு, "ஆச்சாம்மா?"ன்னு. பொடிசுகளோட பாயில உக்காரணுமேன்னு வெக்கம்... ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். அன்னைக்கு ஆட்டுனது, இன்னும் நெஞ்சுக்குள்ள ஆடிக்கிட்டே கெடக்கு.

ரீனா: "ஞானஸ்நானத்துல நமக்காக மத்தவங்க பதில் சொன்னாங்க, இப்ப நாமளே வாயத் தொறந்து சொல்லணும்"... யாரு எனக்குச் சொல்லிக்குடுத்தது?

ஜோதிமணி: சொல்லிக்குடுக்குறது லேசு. எனக்கு ஏழும் மனப்பாடம். அந்த நாலாவது மட்டும் எங்கிட்ட இல்ல. ...நீ எதுக்குடி சிரிக்கிற?

ரீனா: மூணு வாரமாத் தெரியும் அத்தை.

ஜோதிமணி: ஆத்தாடி!

ரீனா: ஞானத்தாயா நிக்கிறவங்களுது வேணும்னு ஃபாதர் கேட்டாருன்னு உங்க ஞானஸ்நானத் தாளப் பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போனேன். உறுதிபூசுதல்னு போட்டிருக்க எடம் காலி. இங்க உள்ள பதிவேட்டுலயும் உங்க பேரு இல்ல. "அவங்களா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காத"ன்னுட்டாரு.

ஜோதிமணி: சாமியாருக்கும் தெரியுமா! இனி எந்த மூஞ்சியோட அவரப் பாப்பேன்?

ரீனா: இதே மூஞ்சிதான். வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னாரு. டீச்சரு வேற ஆளுக்கு நிக்கிறாங்கன்னேன்ல... அந்த ஆளு நீங்கதான். உறுதிபூசுதல் வாங்குறவங்க பட்டியல்ல மொதப் பேரே உங்களுது. பென்சில்ல எழுதியிருக்காரு. நீங்க சரின்னு சொன்னாத்தான் பேனாவுல எழுதுவாராம்.

ஜோதிமணி: அதுக்குத்தான் சேலையக் கொடியில போட்டியா, கள்ளி! ...சரி, போறேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே போயி நானே என் வாயால சொல்றேன். ஆனா மொதப் பேரா எதுக்கு? கடைசியில ஒரு ஓரமா நிக்கிறேனே...

ரீனா: கடைசியில நின்னா எப்படி அத்தை? மொதல்ல நீங்க வாங்கிட்டு, நெத்தியில தைலத்தோட எனக்குப் பின்னாடி வந்து நிக்கணும்ல... என் தோள்ல கை வைக்க.