அமெரிக்காவில் கிடைக்காத கார்

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

“நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு வந்த அமெரிக்காக்காரரு என் அம்பாசடரப் பாத்து ஏங்கிட்டாருப்பா.”

“அந்த ஓட்ட டப்பாவையா?”

“அவர அதுல கூட்டிகினு வரப்போ தெருவுல நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தாங்க. பட்டு நூலு மேல ஏத்த முடியுமா? சுருட்டற வரிக்கும் வண்டிய நிறுத்திட்டேன். எறங்கினவரு சுத்திச் சுத்திப் பாக்கறாரு, பானட்ட தடவறாரு. அவுங்க ஊரு ஷோரூம்ல இத வித்ததே இல்லியாம். எவ்ளோ குடுத்தாலும் புதுசு கெடைக்காதாம்.”

“நீ காயலான் கடைக்குப் போடறதா இருந்தியே?”

“இனிமே போடுவனா? காலையிலதான் கழுவி, பொட்டு வெச்சி, மாலை போட்டேன்.”

“அப்புறம் எதுக்கு பஸ்ல வர?”

அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

“மழ வர மாதிரி கீது. வண்டி நனைஞ்சிடாது?”